நஞ்சுக்கு அரசு போடும் எல்லை நம் கிணற்றுக்குப் போதுமா?

மாரி மழை இறங்குமுன் உழுது விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம் படுவான்கரை முழுவதற்கும் பொதுவானது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மேற்கே போனால் வரும் கரடியனாற்று வட்டைகளிலும் அப்படித்தான். விதைத்த கையோடு அடுத்த கவலை தொடங்குகிறது. முதலில் புல், பின் பனிப்பூச்சி, மடிச்சுக்கட்டி, தண்டு துளைப்பான், கதிர் வரும் காலத்தில் அறக்கொட்டி. ஒவ்வொன்றுக்கும் கடையில் ஒரு போத்தலோ ஒரு பொதியோ உண்டு. நாம் அதை மருந்து என்கிறோம். வயலுக்கு அது மருந்தாக இருக்கலாம், உடம்புக்கு அது நஞ்சு.

அந்த நஞ்சில் ஒரு பங்கு பூச்சியைக் கொல்கிறது. மிச்சம் மண்ணுக்கும் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் நெல்மணிக்கும் போகிறது. அப்படிப் போவதில் எவ்வளவு இருந்தால் பாதகமில்லை? இந்தக் கேள்விக்கு அரசாங்கங்கள் ஓர் எண்ணைப் பதிலாகத் தருகின்றன. ஒரு லீற்றர் நீரில் இவ்வளவு, ஒரு கிலோ அரிசியில் இவ்வளவு என்பதே அந்தப் பதில். இதைத்தான் பாதுகாப்பு எல்லை என்கிறார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? யாரை மனதில் வைத்துப் போடப்படுகிறது? கிணற்றடியிலும் வயல் வாடியிலும் வாழ்கிறவர்களுக்கு அது போதுமா? இடம்பெயர்ந்து திரும்பி, மறுபடி வயலில் இறங்கியிருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது. ஒரேயொரு நஞ்சை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு குருணை மருந்து

காபோபியூரான் என்பது அதன் பெயர். பியூரடான் என்ற வியாபாரப் பெயரில் உலகெங்கும் விற்கப்பட்டது. நெல் வயலுக்கு அது பெரும்பாலும் குருணையாக வந்தது. நூறு பங்கு குருணையில் மூன்று பங்குதான் நஞ்சு, மிகுதி அதைச் சுமக்கும் மணல் போன்ற பொருள். வயலில் நீரைக் கட்டிவிட்டு, உரம் எறிவதுபோல் கையால் எறிவார்கள். நீரில் கரைந்து, வேர் வழியே பயிருக்குள் ஏறி, தண்டைத் துளைக்கும் புழுவைக் கொல்லும்.

நீரில் கரைவதுதான் அதன் பலம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மண்ணை இறுகப் பற்றி நிற்கும் தன்மை இதற்குக் குறைவு. நீர் போகும் வழியே இதுவும் போகும். மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர்வரை இறங்கக்கூடியது.

உடம்புக்குள் போனால் இது நரம்பைத் தாக்குகிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி அனுப்பியதும், அந்தச் செய்தியை நிறுத்த ஒரு நொதியம் வேலை செய்ய வேண்டும். காபோபியூரான் அந்த நொதியத்தைக் கட்டிப் போடுகிறது. செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், வாயில் நீர் ஊறும், வயிறு புரட்டும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், தசை துடிக்கும். அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். அளவு சிறிதானால் சில மணி நேரத்தில் உடம்பு தேறிவிடும். ஆகவே வயலில் தலை சுற்றியதை வெயில் என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் உண்டு.

எல்லை எப்படிப் பிறக்கிறது?

குடிநீரில் காபோபியூரான் ஒரு லீற்றருக்கு 7 மைக்குரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு மைக்குரோகிராம்.

ஏழு என்ற எண் வந்த வழி இது. நாய்களுக்கு இந்த நஞ்சைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.22 மில்லிகிராம் என்ற அளவில் தீங்கு காணப்படவில்லை. மனிதன் நாயைவிட மென்மையானவனாக இருக்கலாம், மனிதருக்குள்ளும் சிலர் மற்றவரைவிட மென்மையானவராக இருக்கலாம். ஆகவே அந்த அளவை நூறால் பிரித்தார்கள். வந்தது கிலோவுக்கு 0.0022 மில்லிகிராம். ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய அளவு இது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் ஓர் ஆளைக் கற்பனை செய்தார்கள். அவருடைய எடை 60 கிலோ. அவர் ஒரு நாளில் 2 லீற்றர் நீர் குடிப்பவர். அவருக்கு வரும் நஞ்சில் பத்தில் ஒரு பங்குதான் நீர்வழி வருகிறது, மிகுதி உணவுவழி வருகிறது என்று வைத்துக்கொண்டார்கள். இவற்றைப் பெருக்கிப் பிரித்தால் ஏறத்தாழ 7 மைக்குரோகிராம் வரும்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கற்பனை ஆள் யார் என்பதைப் பாருங்கள். ஆவணி வெயிலில் சிறுபோக வெள்ளாண்மை வெட்டுகிற ஒருவர் 2 லீற்றரோடு நாளைக் கழிப்பாரா? நான்கு, ஐந்து லீற்றர் குடியாமல் வரம்பில் நிற்க முடியாது. அவருடைய பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையும் அந்தக் கணக்கில் இல்லை. குழந்தை தன் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவரைவிட மூன்று மடங்கு நீர் குடிக்கிறது. உலக சுகாதார நிறுவனமே இதை அறியும். குழந்தைகளுக்குக் கூடிய ஆபத்து உண்டென்று கண்ட நஞ்சுகளுக்கு 10 கிலோ எடை, 1 லீற்றர் நீர் என்றும், புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு 5 கிலோ எடை, முக்கால் லீற்றர் நீர் என்றும் வேறு கணக்குப் போடுகிறது. காபோபியூரானின் ஏழு பெரியவரை வைத்துப் போட்ட எண்.

இன்னொன்றும் உண்டு. 2008 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் கூட்டம் இந்த நஞ்சை மறுபடி ஆராய்ந்தது. நாளாந்தம் உட்கொள்ளக்கூடிய அளவைக் கிலோவுக்கு 0.001 மில்லிகிராமாகக் குறைத்தது. முந்திய அளவில் பாதிக்கும் குறைவு. இந்தப் புதிய அளவை அதே கணக்கில் இட்டால் குடிநீர் எல்லை 7 அல்ல, 3 என்றுதான் வரும். ஆனால் புத்தகத்தில் 7 அப்படியே நிற்கிறது. அறிவு முன்னே போய்விட்டது, எண் பின்தங்கி நிற்கிறது.

இடத்துக்கு ஓர் எல்லை

இதே நஞ்சுக்கு அமெரிக்க அரசு 1991 இல் விதித்த குடிநீர் எல்லை லீற்றருக்கு 40 மைக்குரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எண் 7. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த ஒரு பீடைநாசினிக்கும் 0.1 தான். நாற்பதுக்கும் 0.1 க்கும் இடையே நானூறு மடங்கு வித்தியாசம்.

அமெரிக்கனுக்கு நானூறு மடங்கு பலமான உடம்பு இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் தீர்மானம்தான் வேறு. ஐரோப்பா எவ்வளவு குடித்தால் நோய் வரும் என்று கணக்குப் பார்க்கவில்லை. குடிநீரில் பீடைநாசினி இருக்கவே கூடாது என்று தீர்மானித்து, அக்காலத்துக் கருவிகள் காணக்கூடிய மிகச் சிறிய அளவையே எல்லையாக வைத்தது. மற்ற இரண்டும் இவ்வளவு இருந்தால் பொறுக்கலாம் என்ற கணக்கு. ஆகவே எல்லை என்பது இயற்கை கிழித்த கோடல்ல. ஆய்வில் கண்டதை வைத்து மனிதர் எடுக்கும் முடிவு அது. அதைக் கேள்வி கேட்கலாம், மாற்றவும் செய்யலாம்.

அமெரிக்காவில் மாற்றியும் இருக்கிறார்கள். உணவில் காபோபியூரான் இருப்பதற்கு அனுமதித்த எல்லா எல்லைகளையும் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2009 இல் இரத்துச் செய்தது. உணவிலும் குடிநீரிலும் வருவதைச் சேர்த்துப் பார்த்தால் சிறு பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பில்லை என்பது காரணம். உற்பத்தி செய்த எவ்.எம்.சி. கம்பனியும் சோளப் பயிர்ச் செய்கையாளர் சங்கமும் வழக்குப் போட்டன. 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உள்நாட்டுப் பயிர்களுக்கான இரத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் அரிசி, வாழைப்பழம், கோப்பி, கரும்பு ஆகியவற்றுக்கான எல்லைகளைத் திரும்பக் கொடுத்தது. இறக்குமதிப் பண்டத்தை மட்டும் உண்பதால் அமெரிக்கருக்கு வரும் அளவு சிறியது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

அந்த நியாயத்தை நம் பக்கம் நின்று பாருங்கள். அரிசியைத் தின்பவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், அவருக்கு அரிசி மட்டும்தான். அதை விளைவித்தவர் அரிசியையும் உண்கிறார், அந்த வயலோரக் கிணற்று நீரையும் குடிக்கிறார், குருணையைக் கையாலும் அள்ளுகிறார். உண்பவருக்குப் போட்ட எல்லை விளைவிப்பவரைக் காப்பாற்றாது.

எல்லைகளைக் கூட்டிப் பார்ப்போம்

ஒரு கணக்குப் போடுவோம். பாடசாலைப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 2008 ஆம் ஆண்டு அளவின்படி, நாளொன்றுக்கு உட்கொள்ளக்கூடிய காபோபியூரான் மொத்தம் 60 மைக்குரோகிராம். அவர் குடிக்கும் நீரில் சரியாக எல்லை அளவு, அதாவது லீற்றருக்கு 7 இருக்கிறதென்று வைப்போம். அவர் 5 லீற்றர் குடிக்கிறார். வந்தது 35.

உமி நீக்கிய அரிசியில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்பது சர்வதேச உணவுத் தர ஆணைக்குழு வைத்த எல்லை. வயலில் வேலை செய்பவர் மூன்று வேளைக்கும் சேர்த்து 400 கிராம் அரிசி உண்கிறார் என்றால், அரிசிவழி வருவது 40.

முப்பத்தைந்தும் நாற்பதும் எழுபத்தைந்து. உட்கொள்ளக்கூடியதோ அறுபது. நீர் சட்டப்படி சரி, அரிசியும் சட்டப்படி சரி. அவற்றைச் சேர்த்து உண்ட மனிதருக்கு மட்டும் அளவு மிஞ்சிவிட்டது. தோல்வழி ஏறியதும், மருந்து எறியும்போது மூச்சுவழி போனதும் இந்தக் கணக்கில் இல்லை. குடிநீர் எல்லையும் உணவு எல்லையும் வாய்வழி போவதை மட்டுமே எண்ணுகின்றன. பக்கத்து வயலில் அடித்த வேறொரு மருந்து அதே நரம்பைத் தாக்குவதாக இருந்தால், அதற்கும் இதில் கணக்கில்லை.

நீரும் அரிசியும் ஒரே நாளில் எல்லைவரை நஞ்சேறி இருப்பது அரிது. பெரும்பாலான நாட்களில் அளவு அதற்கு வெகு கீழே இருக்கும். ஆகவே பயந்து சோற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லைக்குள் இருக்கிறது என்பதை ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எல்லை என்பது வேலியின் கடைசிக் கம்பி. அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது.

ஒரு கிணற்றுக்கு இரண்டு கிராம்

இன்னொரு கணக்கு. எட்டடி அகலமான கட்டுக்கிணறு ஒன்றில் ஆறடி நீர் நிற்கிறது என்றால், அதில் ஏறத்தாழ 8,500 லீற்றர் இருக்கும். அவ்வளவு நீரையும் லீற்றருக்கு 7 மைக்குரோகிராம் என்ற எல்லைக்குக் கொண்டுவர எவ்வளவு காபோபியூரான் தேவை? ஒரு கிராமில் பதினாறில் ஒரு பங்கு. நூற்றுக்கு மூன்று வீதக் குருணையாகச் சொன்னால் இரண்டு கிராம். ஒரு தேக்கரண்டி நிறையக்கூட வராது.

குருணை இருந்த வாளியைக் கிணற்றடியில் கழுவினால் இவ்வளவு போய்விடும். கட்டில்லாத துரவுக்குள் வயல் நீர் பாய்ந்தாலும் போகும். அப்படிப் போனதைக் கண்ணால் காண முடியாது. நிறமும் மாறாது, உருசியும் மாறாது. ஆய்வுகூடக் கருவிதான் காட்டும்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

இலங்கையில் இதற்கென்று சட்டங்கள் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத மருந்தை இறக்கவோ விற்கவோ முடியாது. விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள பீடைநாசினிப் பதிவாளர் அதற்குப் பொறுப்பு. உணவைப் பொறுத்தவரை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. ஊர்களில் அதை நடைமுறைப்படுத்துபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். குடிநீருக்கு இலங்கைத் தரக் கட்டளை 614 இருக்கிறது. அது 2013 இல் திருத்தப்பட்டது.

தடை போட்டால் பலன் உண்டு என்பதை இந்த நாடே உலகுக்குக் காட்டியிருக்கிறது. கொடிய நஞ்சுகளான மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவை 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் நிறுத்தப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் நாட்டில் தற்கொலையால் இறப்போர் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பரகுவாட், டைமெதொயேட், பென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன. விளைச்சல் விழுந்துவிடும் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள், நெல் விளைச்சல் விழவில்லை. காபோபியூரானுக்கும், அதனோடு கார்பரில், குளோர்பைரிபொஸ், புரொப்பனில், கிளைபோசேற் ஆகியவற்றுக்கும், 2014 ஆம் ஆண்டு சிறுநீரக நோய் கூடிய பிரதேசங்களில் கட்டுப்பாடு வந்தது. கிளைபோசேற் 2015 இல் நாடு முழுதும் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விடப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்டது. சர்வதேச மட்டத்தில் காபோபியூரான் 2017 இல் றொட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு நாடு அதை வாங்க மறுக்க அந்த உடன்படிக்கை வழி செய்கிறது.

அவசரத் தடையால் வந்த நட்டத்தையும் நாம் கண்டோம். 2021 இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. மாற்று வழி சொல்லிக் கொடுக்காமல், கால அவகாசம் தராமல் எடுத்த முடிவு அது. வயல்கள் மஞ்சளித்தன, அதே ஆண்டின் கார்த்திகையில் தடை விலக்கப்பட்டது. ஆராய்ந்து, ஒவ்வொன்றாக, மாற்றோடு எடுக்கும் தடைதான் நிலைக்கும்.

பெயரைப் பார்த்துத் தடுப்பதில் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. காபோசல்பான் என்ற வேறொரு மருந்து உண்டு. அது பயிருக்குள்ளும் உடம்புக்குள்ளும் சிதையும்போது காபோபியூரானாகவே மாறுகிறது. அதை றொட்டர்டாம் பட்டியலில் சேர்க்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கடையில் வியாபாரப் பெயரைப் பார்த்தால் போதாது. சிறிய எழுத்தில் இருக்கும் செயற்படு பொருளின் பெயரை வாசியுங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

இடம்பெயர்ந்தவருக்கு மேலும் ஒரு பாரம்

2007 ஆம் ஆண்டு பங்குனியில் படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாவியைக் கடந்து முகாம்களுக்கு வந்தன. திரும்பிப் போனபோது வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, வயல் காடு பற்றிக் கிடந்தது. அப்படித் திரும்பியவர்களுக்கும், உறவினர் காணியிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கும், நஞ்சு வேறு வழிகளிலும் வருகிறது.

முதலாவது, கான். குடிநீர் தூக்கப் பாத்திரம் இல்லாதபோது மருந்துக் கான் கையில் அகப்படுகிறது. கழுவிவிட்டோம் என்று நினைக்கிறோம். பிளாஸ்டிக் நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் முற்றாகப் போகாது.

இரண்டாவது, இடம். ஒற்றை அறைக் கொட்டிலில் சமையலும் படுக்கையும் மருந்தும் ஒன்றாக இருக்கின்றன. பிள்ளைக்கு எட்டும் உயரத்திலேயே போத்தல் நிற்கிறது.

மூன்றாவது, பணம். முழுப் போத்தல் வாங்க வழியில்லாமல் சோடாப் போத்தலில் ஊற்றி வாங்குகிறோம். அதில் பெயரில்லை, அளவில்லை, காத்திருக்கும் நாளில்லை. சோடா என்று பிள்ளை குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

நான்காவது, கூலி. சொந்த வயல் இல்லாதவர் மற்றவர் வயலுக்கு மருந்தடிக்கப் போகிறார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தாங்கி முதுகில் ஏறும். காணிக்காரருக்கு ஒரு வயல், அவருக்கோ போகம் முழுதும் ஒவ்வொரு வயல். கையுறையும் சவர்க்காரமும் நீரும் கொடுப்பது கூலி கொடுப்பவரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை.

நம் கையில் உள்ள எல்லை

அரசு போடும் எண் கடதாசியில் இருக்கிறது. அந்த எண்ணை வயலில் காப்பாற்றுவது மருந்து எறியும் கைதான். செய்ய வேண்டியவை இவை:

1. பதிவு இலக்கமும் மூன்று மொழி விபரமும் இல்லாத பொதியை வாங்காதீர்கள். போத்தலின் அடியில் உள்ள நிறப்பட்டையைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, பின் நீலம், பின் பச்சை. பச்சையும் நஞ்சுதான்.

2. விதைத்து முதல் நாற்பது நாட்களுக்கு இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் விடலாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வியட்நாமில் விவசாயிகளோடு சேர்ந்து செய்து காட்டியது. இளம் பயிர் இலையை இழந்தாலும் மீண்டும் வெடித்து வரும். முந்தி அடித்தால் சிலந்தி, தும்பி போன்ற நம் பக்கத்து ஆட்கள்தான் முதலில் சாகும். அதன்பின் அறக்கொட்டி தடையில்லாமல் பெருகும்.

3. மருந்து இட்டபின் பொதியில் குறித்த நாட்கள்வரை வக்கடையைத் திறக்காதீர்கள். உங்கள் வயல் நீர் கீழ்வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது, கடைசியில் வாவிக்கும் போகிறது. அங்கே இறாலும் மீனும் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

4. அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் பொதியில் இருக்கும். அரிசியிலும் மரக்கறியிலும் உள்ள எல்லை அந்த நாட்களை நம்பியே போடப்பட்டிருக்கிறது. இன்று அடித்து நாளை பயற்றங்காய் பிடுங்கினால் எந்த எல்லையும் நிற்காது.

5. கிணற்றுக்குக் கட்டும், சுற்றிவரச் சீமெந்துத் தளமும் இருக்கட்டும். கிணற்றடியில் தாங்கி கலக்கவும் கழுவவும் வேண்டாம். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யாமல் குடிக்காதீர்கள்.

6. வெறுங்கானை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தாங்கியிலேயே ஊற்றி வயலுக்கு அடியுங்கள். கானைக் குத்தித் துளைத்து, மறுபடி எதற்கும் உதவாமல் செய்யுங்கள்.

7. திரும்பி வந்த வீட்டிலோ களஞ்சியத்திலோ பெயர் அழிந்த பழைய பொதி கண்டால் மணந்து பார்க்கவும் வேண்டாம், வாய்க்காலில் கொட்டவும் வேண்டாம். விவசாயப் போதனாசிரியரிடம் அறிவியுங்கள்.

8. மருந்து பட்டு வியர்த்து, வாந்தி வந்து, கண் மங்கினால் உடுப்பைக் களைந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையோ பொதியையோ கூடவே கொண்டு செல்லுங்கள். பெயர் தெரிந்தால் வைத்தியர் காலம் தாழ்த்தாமல் அத்திரோபீன் போன்ற முறிவு மருந்தைக் கொடுக்க முடியும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

இவ்வளவும் நாம் செய்தாலும் ஒரு பங்கு நமக்கு வெளியே நிற்கிறது. கிணற்றில் என்ன இருக்கிறது என்று அளப்பது தனி ஒருவரால் ஆகாது. அதற்குக் கருவி வேண்டும், இரசாயனவியலாளர் வேண்டும், செலவும் உண்டு. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குக் குழாயில் போகிறது. அதைப் பரிசோதிக்க நீர் வழங்கல் சபை இருக்கிறது. வட்டை ஓரத்துக் கட்டுக்கிணறுகளைப் பரிசோதிக்கும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

தனியே கேட்டால் குரல் சிறிது. கமக்காரர் அமைப்பின் பெயரில், மாதர் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். எந்த வட்டை, எந்தக் கிணறு, எத்தனை குடும்பம் குடிக்கிறது, அருகே எந்த மாதம் எந்த மருந்து போடப்படுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தக் கொப்பியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச செயலகத்திடமும் போங்கள். பெரும்போகத்தில் மருந்து போட்டு மழை பெய்த கிழமைகளில் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். கோடையில் எடுத்த மாதிரி மாரிக் கிணற்றின் நிலையைச் சொல்லாது. முடிவு வந்ததும் தமிழில், ஊருக்கு விளங்கும்படி தரச் சொல்லுங்கள்.

மருந்தைக் குறைக்கும் வழி கற்க விரும்புவோருக்குக் கரடியனாற்றிலேயே மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பூச்சியை எண்ணிப் பார்த்து, அளவு மிஞ்சினால் மட்டும் மருந்தை நாடும் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்தை அடுத்த போகத்துக்கு முன் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்டுப் பழகுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் அயல் வயலின் மருந்து அவரையும் தேடி வரும். வட்டை முழுதும் செய்தால் செலவும் குறையும், கடனும் குறையும், கிணறும் தப்பும்.

அறுபது கிலோ எடையோடு இரண்டு லீற்றர் நீர் குடிக்கும் அந்தக் கற்பனை ஆளுக்கு எல்லை போட்டாயிற்று. ஐந்து லீற்றர் குடிக்கும் நமக்கும், பத்துக் கிலோ எடையுள்ள நம் பிள்ளைக்கும் உரிய எல்லையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை கிணற்றை நாம்தான் காக்க வேண்டும்.